திருவிழாவிற்கு மறுநாள்: தோட்டத்துக் கோயில் முதல் பாலைவனம் வரை



சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பள்ளியின் பொங்கல் விழாவையொட்டி மாணவர்களுக்கு ஒரு சிறிய உரை நிகழ்த்தினேன். "நம் முன்னோர் தோட்டப்புறத்தில் கொண்டாடிய திருவிழாக்களில் குப்பை என்ற ஒன்றே இருந்ததில்லை. வாழையிலையில் உண்டார்கள், தென்னங்கீற்றில் பந்தலிட்டார்கள், மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே கொடுத்தார்கள்" என்று பெருமிதத்தோடு கூறினேன். மாணவர்கள் கைதட்டினார்கள். அன்று மாலை அவ்வுரையை என் அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். அம்மா பேராக்கில் ஒரு இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, எங்களைப் படிக்க வைத்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"குப்பை இல்லேன்னு யாரும்மா ஒனக்குச் சொன்னது? கூட்டறதுக்கு ஆளு இருந்துச்சு, அதனால குப்பை கண்ணுக்குத் தெரியல. அந்த ஆளு ஒன் பாட்டிதான்."

என் பாட்டி தோட்டத்தில் வாசற்கூட்டி வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதனையும் திருவிழாவையும் நான் ஒருபோதும் சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை. அன்று தொடங்கிய சிந்தனையின் விளைவே இக்கட்டுரை. திருவிழாவின் வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கின்றனர். நான் எழுத விழைவது திருவிழாவிற்கு மறுநாளின் வரலாறு.

பேராக்கும் இரப்பரும்

நம் மாநிலத்தில் இரப்பரின் கதை கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877-ஆம் ஆண்டு, அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் இயூ லோவ், இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் சிலவற்றை அங்கு நட்டார். அக்காலத்து மரம் ஒன்றை இன்றும் கோலகங்சாரில் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்கள் பெருகப் பெருக, காடுகள் அழிந்து இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கங்காணிகள் வழியாக நம்மவர் அழைத்து வரப்பட்டனர். 1938-ஆம் ஆண்டு இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதிக்கும் வரை அவ்வரவு தொடர்ந்தது.

லயத்து வீடுகள் எழுந்த இடத்தில் எல்லாம் ஒரு மாரியம்மன் கோயிலும் எழுந்தது. பத்து காஜா அருகே கெல்லி மாளிகையைக் காணச் செல்லும் மாணவர்களுக்கு நான் தவறாமல் காட்டும் இடம், அம்மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் உள்ள மாரியம்மன் கோயிலாகும். முதல் உலகப் போருக்குப் பின் பரவிய விஷக் காய்ச்சலில் தொழிலாளர்கள் மடிந்தபோது, தங்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று அவர்கள் வேண்ட, தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித் அதனைக் கட்டிக் கொடுத்தார் என்பது வரலாறு. கோயிற்கூரையில் தெய்வ உருவங்களோடு அவருடைய உருவமும் நிற்கிறது. தோட்டக் கோயில், தொழிலாளியின் நம்பிக்கையும் முதலாளியின் அதிகாரமும் ஒருங்கே குடியிருந்த இடம் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று வகுத்தது. இவ்வாறு கோயிலும் பள்ளியும் ஒரே திடலைப் பகிர்ந்துகொண்ட தோட்டங்கள் பலவாயின. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அத்திடலில்தான் இருக்கிறது.

ஆண்டுக்கு ஒரு முறை நாடகக்கொட்டகை

ஆண்டுத் திருவிழா என்பது வழிபாடு மட்டும் அன்று. தோட்ட மக்களுக்கு அதுவே கலைவிழா. காப்புக் கட்டியது முதல் கரகம், காவடி, தீமிதி, பொம்மலாட்டம், இரவு முழுவதும் கூத்து என நாள்கள் நகரும். அரிச்சந்திரன், நல்லதங்காள், வள்ளி திருமணம் ஆகிய நாடகங்களில் நடித்தவர்கள் பகலில் பால்மரம் வெட்டியவர்களே. வேடம் கட்டியவர், தப்படித்தவர், மேடை அமைத்தவர், பார்த்தவர் யாவரும் ஒரே லயத்தைச் சேர்ந்தவர்கள். சம்பள நாளில் ஒவ்வொரு குடும்பமும் கோயிலுக்கென்று கொடுத்த சிறு தொகையே விழாவின் மூலதனம்.

அவ்விழாக்களில் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்ட ஒன்று காமன் பண்டிகை. மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டு, இரதி மன்மதன் கதையைக் கூத்தாக நடத்தி, முழுநிலவு நாளில் காமனை எரிப்பார்கள். தஞ்சைப் பகுதியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மற்றொரு கட்சியும் லாவணி பாடி வழக்காடுவது மரபு. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் காமன்கூத்து இன்றும் நம்மவரின் அடையாளக் கலையாகப் போற்றப்படுகிறது. எங்கள் தோட்டத்திலும் அது நடந்ததை அம்மா நினைவு வைத்திருக்கிறார். ஊரில் கம்பத்திற்கு ஆமணக்கும் கரும்பும் வைக்கோலும் வேண்டும். இங்கு வைக்கோலுக்கு எங்கே போவது? லாலாங் புல்லை அறுத்துக் காய வைத்துக் கட்டினார்களாம். எரிந்து முடிந்ததும் எஞ்சியது ஒரு கூடைச் சாம்பல். அதிலும் ஒரு பிடியை நெற்றியில் இட்டுக்கொள்வார்களாம்.

இதனை நான் விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. எரிப்பதற்கென்றே ஒன்றைச் செய்து, ஊர் கூடி எரித்து, வெறுந்தரையை விட்டுச் செல்லும் விழா நமக்குப் புதிதன்று. எரிந்த பொருள் புல்லாகவும் கழியாகவும் இருந்தவரையில் அதனால் தீங்கும் இல்லை. அதே வழக்கம் பொருள் மாறும்போது என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் போகிப் பண்டிகையே எடுத்துக்காட்டு. பழைய பாயும் துடைப்பமும் எரிந்த இடத்தில் டயரும் நெகிழியும் எரியத் தொடங்கின. 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து மூடியதில் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. சடங்கு பழையது, எரிபொருள்தான் புதியது.

பாட்டியின் துடைப்பம்

இனி அம்மா சொன்னதற்கு வருகிறேன்.

திருவிழா முடிந்த மறுநாள், வழக்கம்போல விடியுமுன்னே பெரட்டுக்கு ஆள் நிற்க வேண்டும். கண்விழித்துக் கூத்துப் பார்த்தவர்களும் பால்வாளியோடு காட்டுக்குச் சென்றுவிடுவார்கள். திடலில் எச்சில் இலைகள், உடைத்த தேங்காய் ஓடுகள், கரும்புச் சக்கை, கடலைத் தோல், ஆடு வெட்டிய இடத்தின் குருதி, கள்ளுக்கடைப் பக்கம் உடைந்து கிடக்கும் போத்தல்கள் ஆகிய அனைத்தும் கிடக்கும். அவற்றைக் கூட்டி அள்ளிக் குழியில் இட்டு மூடுவது வாசற்கூட்டியின் வேலை. தோட்டத்திற்கு ஒருவரோ இருவரோ இருப்பர். பெரும்பாலும் வயதாகி மரம் வெட்ட முடியாதவர்கள், அல்லது சாதியின் பெயரால் அவ்வேலைக்கு என்று ஒதுக்கப்பட்டவர்கள். பாட்டி முதல் வகை. கணவர் இறந்து, கண் மங்கி, மரத்தில் காயம் படாமல் வெட்ட முடியாமற் போனதால் கிராணி அவரை வெளிவேலைக்கு மாற்றினாராம்.

"எல்லாருக்கும் திருவிழா மூணு நாளு. எங்கம்மாவுக்கு மட்டும் நாலு நாளு" என்றார் அம்மா.

ஆகவே, நம் முன்னோர் சுற்றுச்சூழல் பேணியவர்கள் என்று நான் மேடையில் கூறியதில் பாதிதான் உண்மை. இலையில் உண்டதற்குக் காரணம் கொள்கையன்று. வேறு எதுவும் கைக்கெட்டவில்லை. கையில் கிடைத்தது மட்கும் பொருளாக இருந்தது நம் பேறு. ஆனால் அதனை யார் அள்ளுவது என்ற கேள்விக்குத் தோட்டம் அளித்த விடை, ஏழையிலும் ஏழையான ஒரு பெண் என்பதே. குப்பை தானாக மறைவதில்லை. யாரேனும் ஒருவர் கையில் அது சேர்கிறது. அந்தக் கை யாருடையது என்று கேட்காத வரையில் விழா தூய்மையாகவே தோன்றும்.

தோட்டம் உடைந்தது, விழா நகர்ந்தது

1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அக்காலத்தில், ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் சூழ்ந்த இடங்களில் விடிய விடியக் கூத்தாடுவது எளிதாக இருந்திருக்க முடியாது. அடுத்து வந்தது தோட்டத் துண்டாடல். ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைக் கூறுபோட, தொழிலாளர் வீடிழந்தனர். அதனை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். எனினும் காலம் நிற்கவில்லை. கித்தா மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. 1980-களிலும் 1990-களிலும் குடும்பங்கள் ஈப்போவுக்கும் பிற நகர்களுக்கும் பெயர்ந்தன. 1957-இல் 800-ஐத் தாண்டியிருந்த நாட்டின் தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-க்கும் குறைவு. அவற்றில் 134 நம் பேராக்கில் உள்ளன.

மக்களோடு விழாவும் நகருக்கு வந்தது. ஈப்போவில் தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் வரை காவடிகள் செல்லும் காட்சியை அறியாதவர் இலர். அவ்வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல்கள். முகமறியாத ஒருவரின் தாகம் தீர்ப்பது நம் பண்பாட்டின் மிக உயர்ந்த செயல்களுள் ஒன்று. முன்பு அப்பந்தலில் நான்கு செம்புக் குவளைகள் இருக்கும். ஒருவர் குடித்துக் கழுவி வைக்க மற்றவர் எடுப்பார். இன்று நெகிழிக் குவளைகள். மோரைக் குடிக்க ஒரு நிமிடம் ஆகிறது. குவளை மண்ணில் கிடக்கும் காலமோ நம் பேரப்பிள்ளைகளின் காலத்தையும் கடந்தது. குவளையை ஆற்று நீரால் கழுவ முடியாத நகரத்தில், நோய்க்கு அஞ்சியே இம்மாற்றம் வந்தது என்பதையும் நாம் மறுக்கக்கூடாது. தீய எண்ணத்தால் அன்று, வசதியால் வந்த குப்பை அது.

மறுநாள் அதிகாலையில் அத்தெருவைக் கூட்டுபவர்களும் மாறிவிட்டார்கள். அவர்கள் மாநகர் மன்றத்தின் ஆட்கள், அல்லது குத்தகையாளரின் ஆட்கள். அவர்கள் பெயரை நாம் அறியோம். பாட்டியின் பெயரையாவது தோட்டத்தார் அறிந்திருந்தனர்.

இது நம் நாட்டில் சிலர் வெளிப்படையாகப் பேசிய பொருளும் கூட. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும், 2019-இல் காலமான அதன் நெடுநாள் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரீஸ் அவர்களும், தைப்பூசத்தில் அளவின்றித் தேங்காய் உடைத்து வீணாக்க வேண்டாம் என்று ஆண்டுதோறும் வேண்டினார்கள். வேண்டுதலைக் குறைக்கச் சொல்வதாகச் சிலர் வருந்தினர். ஆனால் அவர்கள் கேட்டது பக்தியைக் குறைக்க அன்று, அளவை மட்டுமே.

ஒரு பாலைவனத்தில்

இந்நிலையில், இதே கேள்வியை வேறொரு மூலையில் சிலர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அறிய நேர்ந்தது. நம் காமன் பண்டிகைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் ஒற்றுமை வியக்க வைக்கிறது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் 1986-ஆம் ஆண்டு, லாரி ஆர்வி, ஜெர்ரி ஜேம்ஸ் என்ற இரு நண்பர்கள் ஒரு மரப்பொம்மையைச் செய்து எரித்தனர். ஆண்டுதோறும் கூட்டம் பெருகவே, 1990-இல் அவ்விழா நெவாடா மாநிலத்தின் பிளாக் ராக் பாலைவனத்திற்கு மாறியது. அதற்குப் பர்னிங் மேன், அதாவது எரியும் மனிதன், என்று பெயர். நீரோ மரமோ இல்லாத ஒரு வறண்ட ஏரிப்படுகையில், ஆகஸ்டு இறுதியில் ஒரு வாரத்திற்கு மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் கூடி, கூடாரம் அடித்து, பெருஞ்சிற்பங்களை எழுப்பி, இறுதியில் மனித உருவத்தை எரித்துவிட்டுக் கலைகின்றனர். பார்வையாளர் என்று தனியே எவரும் இலர், எல்லோரும் பங்கேற்பாளரே என்பது அவர்களின் கொள்கை. நம் தோட்டத்துக் கூத்தும் அத்தகையதே அன்றோ?

நான் கற்க விரும்பியது அவர்களின் மறுநாளை. 2004-இல் ஆர்வி எழுதிய பத்துக் கொள்கைகளுள் ஒன்று, சுவடின்றிச் செல்லுதல். விழா நடக்கும் நிலத்தில் குப்பைத் தொட்டியே கிடையாது. கொண்டு வந்ததை அவரவரே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். தங்கும் இடத்தில் தீ நேரடியாகத் தரையில் படக்கூடாது. மேடையிட்டே எரிக்க வேண்டும். குப்பை என்ற சொல்லைக்கூட அவர்கள் விரும்புவதில்லை. இடம் மாறிக் கிடக்கும் பொருள் என்கின்றனர். பாலைவனத்தில் ஒரு மரத்தூளும் இடம் மாறிய பொருள்தான், தலைமயிரில் இருந்து விழுந்த ஒரு சரிகை இழையும் அதுவே.

விழா முடிந்தபின் தன்னார்வலர்கள் வரிசையாகக் கைநீட்டும் தொலைவில் நின்று, தலை குனிந்து, நிலம் முழுவதையும் நடந்து பொறுக்குகின்றனர். எந்தக் குழு தங்கிய இடம் தூய்மையாக இருந்தது, எது இல்லை என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஒரு வரைபடமாக வெளியிடுகின்றனர். அந்நிலம் அமெரிக்க அரசின் நில மேலாண்மை அலுவலகத்திற்கு உரியது. ஓர் ஏக்கருக்குச் சராசரியாக ஒரு சதுர அடிப் பரப்புக்கு மேல் கழிவு எஞ்சக்கூடாது என்பது அவ்வலுவலகத்தின் நிபந்தனை. அதில் தவறினால் அடுத்த ஆண்டு விழாவுக்கே இடர்.

அவர்களைக் குறையற்றவர்கள் என்று நான் கூறவில்லை. 2019-இல் அவ்வமைப்பே வெளியிட்ட கணக்கின்படி, ஒரு விழாவினால் ஏறத்தாழ 1,00,000 டன் கரியமிலவாயு வெளியாகிறது. அதில் 90 விழுக்காட்டிற்கும் மேல், மக்கள் வாகனத்திலும் விமானத்திலும் வந்து செல்வதனால் ஏற்படுவது. நிலத்தில் ஓர் ஊசியும் விடாமல் பொறுக்கியவர்கள், வானத்தில் விட்டதைப் பொறுக்க முடியவில்லை. 2030-க்குள் இதனை மாற்றப் போவதாக அறிவித்துள்ளனர். 2023-இல் எதிர்பாராத மழையால் பாலைவனமே சேறாகிப் பல்லாயிரவர் சிக்கியபோது, வழியில் பொருள்களை எறிந்துவிட்டுச் சென்றோரும் இருந்தனர். நுழைவுச்சீட்டின் விலையோ பல நூறு டாலர். நம் பெற்றோர் சிலரின் அரைமாதச் சம்பளம் அது.

இருப்பினும் அவர்கள் ஒன்றைச் சரியாகக் கண்டனர். அப்பாலைவனத்தில் வாசற்கூட்டி என்று எவரும் குடியிருக்கவில்லை. விட்டுச் சென்றால் அள்ள ஒருவரும் வரமாட்டார். ஆகவே கூட்டுவதும் விழாவின் ஒரு பகுதி ஆயிற்று.

நமக்கும் ஒரு பாலைவனம் உண்டு

இதனைப் படித்தபோது என் மனத்தில் தோன்றியது நெவாடா அன்று. என் அம்மாவின் தோட்டம்.

லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. பள்ளியும் வேறிடம் சென்றுவிட்டது. செம்பனைகளின் நடுவே கோயில் மட்டும் இருக்கிறது. ஆண்டில் ஒரு நாள், அத்தோட்டத்தில் பிறந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் ஈப்போ, கிள்ளான், சிரம்பான், ஜொகூர் எனப் பல இடங்களிலிருந்து திரும்புகின்றனர். கூடாரம் எழுகிறது, மின்னாக்கி ஓடுகிறது, ஒலிபெருக்கி பாடுகிறது. மாலையில் அனைவரும் புறப்பட்டுவிடுகின்றனர். பேராக்கில் இத்தகைய கோயில்கள் பல இருப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆளில்லாத இடத்தில் ஒரு நாள் ஊர் எழுந்து கலைகிறது. பர்னிங் மேனும் நம் தோட்டத் திருவிழாவும் இன்று ஒரே வகையைச் சேர்ந்தவை.

ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே குப்பை வண்டி வருவதில்லை என்று அவர்கள் அறிவர். இங்கே பாட்டி இன்னும் இருப்பதாகவே நாம் நடந்துகொள்கிறோம். அம்மாவை அழைத்துக்கொண்டு விழாவிற்கு மறுநாள் நான் ஒரு முறை அங்குச் சென்றேன். பாலிஸ்தீரின் உணவுப் பெட்டிகள் செம்பனை வரிசைகளுக்குள் காற்றில் நகர்ந்துகொண்டிருந்தன. கால்வாயில் தண்ணீர்ப் போத்தல்கள் மிதந்தன. அம்மா எதுவும் பேசவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். எழுபது வயதைக் கடந்தவர். நான் ஓடிச் சென்று தடுத்தேன். பிறகு வெட்கி, நானும் குனிந்தேன்.

பள்ளியில் செய்து பார்த்தது

அடுத்த பொங்கலுக்குப் பள்ளியில் சில மாற்றங்களைச் செய்தோம். உணவிற்கு வாழையிலை. ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருந்து ஒரு குவளை. தோரணத்திற்குத் தென்னங்குருத்தும் மாவிலையும். மினுமினுக்கும் நெகிழித் தாள் வேண்டாம். மேலும், பெற்றோர் ஆசிரியர் சங்கம் விழாவிற்கு முன்பு நடத்தும் கோத்தோங் ரோயோங்கை விழாவிற்குப் பின்பும் நடத்துவது என்று முடிவு செய்தோம். நாம் விருந்தினர் வருகைக்காகக் கூட்டுகிறோம். அவர் சென்ற பின் கூட்டுவதில்லை. இதனை அன்றுதான் உணர்ந்தேன்.

இறுதியில் மாணவர்கள் திடலில் வரிசையாக நடந்து, கிடந்ததைப் பொறுக்கினார்கள். நான்காம் ஆண்டு மாணவர்கள் திடலின் வரைபடத்தை வரைந்து, எந்த மூலையில் அதிகம் கிடந்தது என்று வண்ணம் தீட்டினார்கள். சிவப்பு வண்ணம் அதிகம் விழுந்த இடம் எது தெரியுமா? ஆசிரியர்களும் விருந்தினர்களும் அமர்ந்திருந்த முன்வரிசை. பிள்ளைகளின் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்திய ஆண்டு ஏழு கறுப்புப் பைகளில் அள்ளிய குப்பை, அவ்வாண்டு இரண்டு பைகளாயிற்று. மட்கும் இலைகள் பள்ளித் தோட்டத்துக் குழிக்குச் சென்றன.

மறுநாள் ஒரு தந்தையார் பள்ளிக்கு வந்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். "டீச்சர், எங்கப்பா தோட்டத்துல கூட்டினாரு. எம்புள்ள கூட்டக் கூடாதுன்னுதான் நான் லாரி ஓட்டுறேன். நீங்க அவன் கையில குப்பைப் பையைக் கொடுத்துட்டீங்களே?"

அவர் கூறியதில் நியாயம் இருந்தது. நம்மில் பலருடைய கல்வியின் பின்னணியில் அந்த ஏக்கம் இருக்கிறது. துடைப்பம் நமக்கு வெறும் கருவியன்று, இழிவின் நினைவு. பாலைவனத்தில் பொறுக்கும் செல்வந்தருக்கு அந்த நினைவு இல்லை. ஆதலால் அவர் மகிழ்ச்சியாகக் குனிய முடிகிறது. அங்கிருந்து விதியை மட்டும் எடுத்து வந்து நம் பிள்ளைகள் மீது சுமத்த இயலாது என்பதை அத்தந்தையார் எனக்குக் கற்பித்தார்.

அவரிடம் என் பாட்டியைப் பற்றிக் கூறினேன். பாட்டிக்கு இழிவு நேர்ந்தது கூட்டியதனால் அன்று. எல்லோரும் ஆடிய இடத்தை அவர் ஒருவர் மட்டும் கூட்டியதனால். இன்று நம் பிள்ளைகள் கூட்டாவிட்டால், பள்ளித் துப்புரவுப் பணியில் உள்ள வேறொரு பாட்டி கூட்டுவார். அவருடைய பேரப்பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் என்ன வேறுபாடு? அவர் நெடுநேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "அப்ப நீங்களும் பெரிய வாத்தியாரும் மொதல்ல நடங்க" என்று கூறிவிட்டுச் சென்றார்.

அதுவே இன்று எங்கள் பள்ளியின் வழக்கம். வரிசையின் முதல் ஆள் தலைமையாசிரியர், அடுத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், அடுத்து ஆசிரியர்கள், அதன் பின்னரே மாணவர்கள். தண்டனை பெற்ற மாணவரைப் பொறுக்க விடுவதில்லை. தண்டனையாக்கினால் பழைய இழிவு திரும்பிவிடும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

விழா ஏற்பாட்டுக் கூட்டங்களில் கலைநிகழ்ச்சி, உணவு, மாலை, பொன்னாடை என்று பணிகளைப் பிரிக்கிறோம். அப்பட்டியலில் மறுநாளையும் எழுதுங்கள். யார் அள்ளுவார், எங்கே செல்லும் என்ற இரு வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே உணவுத் தட்டு எது என்று முடிவு செய்யுங்கள். விடை தெரிந்தால் தட்டு தானாகவே மாறும். தோட்டத்துக் கோயில் விழாவிற்குச் செல்லும் குடும்பங்கள், ஒரே ஊரிலிருந்து செல்வோர் ஒரு வாகனத்தில் செல்லலாம். அல்லது ஒரு பேருந்து அமர்த்தலாம். முன்னோர் அவ்விழாவிற்கு நடந்தே வந்தனர். நாம் நடக்க இயலாது, ஆனால் சேர்ந்து செல்ல இயலும். ஒரு பையை எடுத்துச் சென்று, கொண்டு போனதைத் திரும்பக் கொண்டு வரலாம். தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றிற்குத் தடை வந்தது. 2021 இறுதியில் மஞ்சப்பையை மீட்கும் இயக்கமும் தொடங்கியது. நம் வீட்டு அலமாரியிலும் கல்யாண வீட்டு மஞ்சள் பைகள் உறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

சென்ற விழாவின்போது அம்மாவையும் பள்ளிக்கு அழைத்து வந்தேன். முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தோம். விழா முடிந்து வரிசை கூடியபோது, எழுந்து வர முயன்றார். "நீங்க உட்காருங்க பாட்டி, நாங்க இருக்கோம்" என்று ஒரு சிறுமி அவரைத் திரும்ப அமர்த்திவிட்டு, அவர் காலடியில் கிடந்த வெற்றிலைக் காம்பைப் பொறுக்கிக்கொண்டு ஓடினாள்.

அம்மா வீடு திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னார். "எங்கம்மா இதப் பாத்திருக்கணும்."

 உங்கள் பள்ளிகளிலும் கோயில்களிலும் திருவிழாவிற்கு மறுநாள் எவ்வாறு விடிகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.